காலியாக விட்ட இரண்டு ஸ்லாட்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் இருக்கிறது. கண்ணாடிப் பக்கம் வழியாக உள்ளே நீல விளக்கு எரிவது தெரியும். செம்பாக்கத்தில் அம்மாவோடு குடியிருந்துகொண்டு, டைல்ஸ் கடையில் கணக்கு எழுதும், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பொழுதுபோக்கு என்று சொல்லி வாயை அடைப்பேன். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். அதற்கு மேல் அவர்களுக்குக் கேட்கத் தெரிவதில்லை.

உண்மையில் அந்தக் கம்ப்யூட்டர், என் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொள்வதற்காக இருக்கிறது. எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

தம்பி ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறான். சில வருடங்களுக்கு முன்பு அவன் மனைவி பிரிந்து போனாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்ச நாள் இருந்தது, போய்விட்டது. அதற்கடுத்து வந்த குளிர்காலத்தில் அவன் ஆபீஸிலிருந்து ஒருவர் எனக்குப் போன் செய்தார். தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், இனி ஆபத்தில்லை, ஆனால் அவனாகத் தேடிக்கொண்டது என்று சொன்னார். அதற்கு மேல் நான் இங்கே எழுதப் போவதில்லை. அம்மாவிடம் விஷக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன். இன்று வரை அம்மாவுக்கு அது காய்ச்சல்தான்.

அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே அவனைப் பற்றிய செய்தியோ என்றுதான் நினைப்பேன். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்ணிடம், "ஒண்ணும் ஆகலையே? நல்லா இருக்கான்ல?" என்று நான் கேட்டிருக்கிறேன். பாவம், அவள் பயந்துபோய் வைத்துவிட்டாள்.

உடம்பு தேறியதும் அவன் லீவில் ஊருக்கு வந்தான். வந்தவன் பேசவே இல்லை. சாப்பிடுவான், படுப்பான், ஏரிப் பக்கம் போய் நின்றுவிட்டு வருவான். அவன் ஏரிப் பக்கம் போனால் நானும் எதையோ வாங்கப் போகிறவள் மாதிரி பின்னாலேயே போவேன். அவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல், "எனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் பண்ணிக் குடு" என்று ஒருநாள் உளறினேன். அதுவரை நான் விளையாடிய ஒரே கேம் போனில் மிட்டாய் உடைப்பது. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு வாங்க வேண்டியதைப் பட்டியல் போடப் பேப்பர் கேட்டான்.

இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடிக்கும் ரிச்சி தெருவுக்குப் போய் ஒவ்வொரு பாகமாகப் பார்த்து வாங்கினோம். ஹாலில் பாயை விரித்து, ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க அதைப் பூட்டினோம். மதர்போர்டில் ரேம் செருகுவதற்கு நீளமாக நான்கு பள்ளங்கள் இருந்தன, ஸ்லாட் என்றான். இரண்டில் எட்டு எட்டு ஜிபி ரேம் வைத்து அழுத்தினான். கிளிக் என்று சத்தம் வந்தது. மீதி இரண்டைக் காட்டி, "இது ஏன் காலியா இருக்கு?" என்றேன்.

"இப்போதைக்கு பதினாறு போதும்க்கா. இந்த ரெண்டையும் வேணும்னேதான் காலியா விட்டிருக்கேன். அடுத்த வருஷம் இதே மாதிரி இன்னும் ரெண்டு போட்டா முப்பத்திரண்டு ஆயிடும். அதுக்கு அடுத்து போர்டு, ப்ராசஸர் எல்லாத்தையும் மாத்திட்டு புது ரக ரேமுக்குப் போயிடலாம்."

அடுத்த வருஷம். அதற்கு அடுத்து. நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சாவைத் தேடிப் போய்த் திரும்பியவன் வாயில் அடுத்த வருஷம் என்ற வார்த்தை வந்துவிட்டது. அதற்காக நான் எத்தனை கம்ப்யூட்டர் வேண்டுமானாலும் வாங்குவேன்.

அவன் திரும்பிப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து விளையாட ஆரம்பித்தோம். எனக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரம், அவனுக்குக் காலை. பனி மூடிய ஒரு கிரகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். விறகு பொறுக்க வேண்டும், சுவர் எழுப்ப வேண்டும், நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனில் கூப்பிட்டால் எடுக்காதவன், எடுத்தாலும் "ம்" என்று மட்டும் சொல்கிறவன், விளையாடும்போது பேசுவான். "அக்கா, பின்னால ஓநாய்" என்பான். அந்தக் குரலுக்காகவே நான் பலமுறை வேண்டுமென்றே ஓநாயிடம் மாட்டியிருக்கிறேன்.

விளையாடி முடித்ததும் ஏதாவது சாக்கில் ரேம் பேச்சை எடுப்பேன். "அந்த காலி ஸ்லாட்ல எப்ப போடலாம்?" அவன் விளக்குவான். பழைய ரேம் எந்த மாடலோ அதே மாடலாகப் பார்க்க வேண்டும். ப்ராசஸர் மேல் இருக்கும் பெரிய ஃபேன் முதல் ஸ்லாட்டை மறைக்கிறது, அதனால் உயரம் குறைவானதாக இருக்க வேண்டும். அப்புறம் போர்டு, அப்புறம் கிராபிக்ஸ் கார்டு. அவன் திட்டம் எவ்வளவு தூரம் போகிறதோ அந்த வாரம் எனக்கு அவ்வளவு நிம்மதி. இரண்டு வருடம் தள்ளிப் பேசினான் என்றால் இரவு நன்றாகத் தூங்குவேன். அடுத்த மாதத்தோடு நிறுத்திக்கொண்டால் திங்கட்கிழமை கடையில் எல்லோரிடமும் எரிந்து விழுவேன். டாக்டர்கள் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல நான் ரேமைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு பைத்தியக்காரத்தனமும் சேர்ந்துகொண்டது. அந்த ரேமை வாங்க எனக்குப் பயம். வாங்கிப் போட்டுவிட்டால் ஸ்லாட் நிரம்பிவிடும். நிரம்பிவிட்டால் அவனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? மழை விடட்டும், தீபாவளி போகட்டும், பொங்கல் தள்ளுபடி வரட்டும் என்று இழுத்துக்கொண்டே போனேன். எங்கள் பனி வீடு பெரிதாகிப் பெரிதாகி, என் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கத் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு முறையாவது கேம் அப்படியே உறைந்து என்னை வெளியே தள்ளிவிடும். அப்போதும் இழுத்தேன்.

அதற்குள் ரேம் விலை ஏற ஆரம்பித்தது. சும்மா ஏறவில்லை, தாறுமாறாக ஏறியது. உலகத்தில் இருக்கும் ரேமையெல்லாம் ஏஐ கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போகின்றன என்று தம்பி சொன்னான். அந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வழக்கம்போல ஸ்லாட் பேச்சை எடுத்தபோது அவன் சொன்னான்:

"இனிமே அதெல்லாம் வேணாம்க்கா. விட்டுடு. இருக்கிறதே போதும்."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாமா?"

"வேணாம்க்கா. போதும்."

அவ்வளவுதான். ஹெட்போனைக் கழற்றியபோது காதுக்குள் வேர்த்திருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கச் சொல்லிக் கத்தினாள். நான் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் ஒரு நிலையில் இல்லை. வாட்ஸ்அப்பில் என்ன அனுப்பினாலும் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. சாப்பிட்டியா என்றால் ம். குளிரா என்றால் ஆமா. அந்த வார்த்தைகளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். நேராக ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அந்த நினைப்பை நானே அவனுக்கு எடுத்துக் கொடுத்ததாகிவிடுமோ என்று பயம். என் இழுத்தடிப்பால்தான் விலை ஏறி, திட்டம் செத்து, இப்போது இப்படி ஆகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. உலகச் சந்தையை நான் ஏற்றினேனாம்! அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ரேம் கைக்கு வந்துவிட்டால் செத்த திட்டத்துக்கு மறுபடி உயிர் வந்துவிடும் என்று, சனிக்கிழமை கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, இன்டர்நெட்டில் பார்த்த ஒரு விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டு பொத்தேரிக்கு ஸ்கூட்டரில் போனேன். ஜிஎஸ்டி ரோட்டில் மழையில் லாரிகளுக்கு நடுவே ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அங்கே ஒரு காலேஜ் மாணவி தன் கம்ப்யூட்டரைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தாள். அதே மாடல் ரேம், இரண்டு. ஹாஸ்டல் வாசலில் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"உங்க பையனுக்கா ஆன்ட்டி?"

"தம்பிக்கு. ஆன்ட்டி இல்ல, அக்கா."

"சாரிக்கா. நல்லா ஓடிட்டு இருந்ததுதான். தைரியமா போடுங்க."

தைரியமா போடுங்க என்று அவள் சொன்னது அவளுக்கு ஒரு பேச்சு. எனக்கு அது அசரீரி மாதிரி இருந்தது. டப்பாவை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரெயின்கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ஞாயிறு. நாங்கள் விளையாடும் நேரத்துக்குத் தம்பி வரவில்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியவில்லை. போன் செய்தேன், அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும். அவன் ஆபீஸ்காரரின் நம்பர் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டேன். அழுத்தவில்லை. அந்த நம்பரிலிருந்து நான் ஒரு முறை கேட்ட செய்தி போதும்.

கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. கம்ப்யூட்டரின் கண்ணாடியைக் கழற்றினேன். பிளக்கை உருவினேன். ஃபேனை எடுத்துவிட்டு, தம்பி சொல்லிக் கொடுத்தபடி புது ரேமை காலி ஸ்லாட்டில் நிறுத்தி அழுத்தினேன். உட்காரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். ஏதோ நெறுநெறுவென்று நொறுங்கியது. அப்புறம் கிளிக். இரண்டாவதும் அப்படியே. ஃபேனைத் திரும்ப மாட்டி, ஆன் செய்தேன். உள்ளே விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. போர்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கடவுள் நம்பிக்கை பெரிதாக இல்லாதவள் நான். ஆனால் அந்தக் கருப்புத் திரையைப் பார்த்ததும் தம்பி போய்விட்டான் என்று நினைத்தேன். யாரும் சொல்லாமல், எதுவும் தெரியாமல், அப்படியே நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிறகு பிளக்கைப் பிடுங்கி, ரேமை உருவினேன். விரலெல்லாம் சிவப்பு. கையைக் கிழித்துக்கொண்டேனா என்று பார்த்தால் காயம் இல்லை. ரேமின் தங்கப் பற்களிலும் சிவப்பு. முகர்ந்து பார்த்தேன். சந்தன வாசனை.

"அம்மா!"

அம்மா ஈரக் கையோடு வந்தாள். விஷயம் இதுதான். ஆயுத பூஜைக்கு நான் கம்ப்யூட்டரைத் திறந்து தூசி ஊதி, அப்படியே திறந்துவைத்திருந்தேன். வெளியே கேபினட்டில் பொட்டு வைத்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டர் கழுவப் போய்விட்டேன். அம்மா உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"ரெண்டு எடம் நெறஞ்சிருந்துது, ரெண்டு எடம் வெறுமனே கெடந்துது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தையே வெறுமனே திருப்பிக் குடுக்க மாட்டோம். பூஜை அன்னிக்குப் போய் காலியா விடுவாங்களாடி?"

"அதனால?"

"சந்தனம் கொழச்சு, ஊதுவத்திக் குச்சியால நெரவி விட்டு, மேல குங்குமம் வெச்சேன். புள்ள கையால பூட்டினதாச்சே."

ஊதுவத்திக் குச்சியால். அந்த மெல்லிய பள்ளத்துக்குள், கடைசி வரைக்கும், சிமென்ட் பூசுகிற மாதிரி நிதானமாக நிரப்பியிருக்கிறாள். காலி ஸ்லாட் என்பதால் இத்தனை நாளும் கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ கத்தினேன். அம்மா அசையாமல் கேட்டுவிட்டு, "சாமி குங்குமம் பட்டா ஓடாத மிஷினு என்னா மிஷினு?" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். நான் அந்த ஸ்லாட்டைப் போட்டோ எடுத்து, ஆயுத பூஜைக்கு அம்மா பண்ணின வேலை என்று எழுதித் தம்பிக்கு அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்தது, அவன் போனுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டே மதியம் போனது.

அம்மா சாமி விளக்கை ஏற்றும் நேரத்துக்கு என் போன் அடித்தது. வீடியோ கால். பல மாதமாக அவன் முகத்தைக் காட்டியதில்லை. திரையில் தாடியும் குல்லாயுமாக ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"அக்கா, என்னக்கா இது, அம்மா அபிஷேகமே பண்ணியிருக்காங்க!"

நான் சிரிக்கவில்லை. "எங்கடா போன நாயே" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவன் சிரிப்பை நிறுத்தினான். ஆபீஸில் ஒருவர் குடும்பத்தோடு காட்டுப் பக்கம் நடக்கப் போனாராம், இவனையும் கூப்பிட்டாராம், போனானாம். குளிரில் போன் சார்ஜ் இறங்கிவிட்டதாம்.

பிறகு வேலையைச் சொன்னான். சானிட்டைசர் ஊற்றாதே, அதில் பசை இருக்கும், மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கிக்கொண்டு வா, புது டூத் பிரஷ் எடு. ஓடிப்போய் வாங்கி வந்தேன். போனை டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, அவன் பார்க்கப் பார்க்கச் சுரண்டினேன். "மெதுவா, மெதுவா, உள்ள இருக்கிற பின் வளையும்" என்று அங்கிருந்து பதறினான். ரோஸ் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். முடிந்ததும், நன்றாகக் காயட்டும், அதுவரை ஆன் செய்யாதே என்றான். அம்மா உள்ளறையில் சீரியல் போட்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் காய்வதற்காகக் காத்திருந்தோம்.

"இந்த வெலையில எதுக்குக்கா வாங்கின? வேணாம்னு சொன்னேன்ல?"

"அதான் வாங்கினேன். நீ வேணாம்னு சொன்னதாலதான்." அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அடுத்த வருஷம் என்று அவன் சொல்லச் சொல்லத்தான் நான் தூங்குகிறேன் என்பதை, ஸ்லாட்டை நிரப்பப் பயந்ததை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"தெரியும்க்கா. அதனாலதான் சொல்லிட்டு இருந்தேன்."

"எதனால?"

"நீ பயப்படுறன்னு தெரியும். பிளான் சொன்னா உன் குரல் மாறும். அதனால சொல்வேன். ரொம்ப முடியாத நாள்லதான் ரொம்ப தூரத்துக்குச் சொல்வேன். போர்டு, கார்டு, ரெண்டு வருஷம் கழிச்சு அதுன்னு. அன்னிக்கெல்லாம் சாயங்காலத்தைத் தாண்டுவேனான்னே எனக்குத் தெரியாது."

நான் நிம்மதியாகத் தூங்கிய ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

"அப்ப போன வாரம் வேணாம்னு சொன்னது?"

"அன்னிக்கு நல்லா இருந்தேன்க்கா. வெலை அதிகம்னு பட்டுது. வேணாம்னேன். அவ்ளோதான்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான். "வேணாம்னு சொல்லலாம்னு தோணினதே அன்னிக்குத்தான்."

ஹாலில் ஸ்பிரிட் வாசனையும் சந்தன வாசனையும் கலந்து அடித்தது. என் கையில் இருந்த அளவுகோல் மொத்தமும் தலைகீழாக இருந்திருக்கிறது. இனிமேல் எதைப் பார்த்து நான் தெரிந்துகொள்வது? பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. அவனைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை வருடக்கணக்காக நான் தொண்டையிலேயே வைத்திருந்தேன். அது வெளியே வரும்போது என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"இன்னிக்கு எப்படி இருக்கே? சாகணும்னு தோணுதா?"

அவன் திடுக்கிட்டான். பிறகு அவன் தோள் இறங்கியது. கனமான பையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி.

"இன்னிக்கு இல்லக்கா," என்றான். "நேத்து ராத்திரி இருந்துது. அதான் காலையில கூப்பிட்டதும் அவங்களோட கெளம்பிட்டேன். அந்த மாதிரி நேரத்துல தனியா இருக்காதேன்னு இங்க பாக்குற டாக்டர் சொல்லியிருக்காங்க."

"சரி" என்றேன். "அடுத்த தடவை ராத்திரியே எனக்குப் போன் பண்ணு."

"நீ பயப்படுவே."

"பயந்துட்டுப் போறேன். பண்ணு."

ஸ்லாட் காய்ந்திருந்தது. ரேமை வைத்து அழுத்தினேன், இந்த முறை நெறுநெறுவென்ற சத்தம் இல்லை. திரையில் முப்பத்திரண்டு ஜிபி என்று வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். இனி அதில் செருக இடமில்லை. அடுத்து என்ன என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை விளையாடுகிறோம். பனி வீட்டுக்கு மாடி கட்டிவிட்டோம், கேம் உறைவதில்லை. நெருப்புக்கு விறகு போடுவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். அப்படிக் கேட்பது இன்னும் பழகவே இல்லை. சில வாரம் இல்லை என்கிறான். சில வாரம் ஆமாம் என்கிறான். ஆமாம் என்கிற அன்று விளையாட்டை அப்படியே நிறுத்திவிட்டுப் பேசுகிறோம்.